வரைபடத்தில் சேரி எங்கே இருக்கிறது?

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சின் தன்மை கெடாமல் சிறு திருத்தங்கள் மட்டும் செய்யப்பட்டுள்ளன.)



சென்னைக்கு மூன்றாவது முழுமைத் திட்டம் போடுகிறார்கள். எல்லோரும் மாஸ்டர் பிளான் என்கிறார்களே, அதுதான். முதல் திட்டம் 1976இல் வந்தது. இரண்டாவது 2008இல் வந்தது, அதன் ஆயுள் 2026 வரைக்கும் என்று வகுத்தார்கள். மூன்றாவது 2026 தொடங்கி 2046 வரைக்குமானது. இன்றைக்குப் பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடத்தில் தொட்டிலில் கிடக்கிற பிள்ளை கல்லூரிக்குப் போகிற வயசு வரைக்கும் எந்த நிலத்தில் யார் குடியிருக்கலாம், எங்கே ரோடு, எங்கே பார்க், எங்கே குப்பை மேடு, இதையெல்லாம் இப்போதே எழுதி வைக்கிற காரியம் இது.

"நமக்கு ஆயிரம் பிரச்சினை இருக்கு, வன்கொடுமை வழக்கு இருக்கு, ஆணவக் கொலை இருக்கு, இதுல இஞ்ஜினியருங்க விவகாரத்தை எதுக்கு எடுத்துக்கிட்டு?" என்று இங்கே வருவதற்கு முன்னால் ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஊர் வேறு சேரி வேறு என்று பிரித்து வைத்ததும் ஒரு திட்டம்தானே? காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது, பிணத்தை எந்த வழியாகக் கொண்டு போவது, எல்லாவற்றையும் யோசித்து வகுத்த நிலப்பயன்பாட்டுத் திட்டம். அதற்கு வரைபடம் கிடையாது, அரசாணை கிடையாது. ஆனாலும் தமிழ்நாட்டில் இவ்வளவு கச்சிதமாக அமலான திட்டம் இன்னொன்று இல்லை. ஆகவே நகரமைப்பு நமக்குச் சம்பந்தமில்லாத விசயம் என்று நாம் சொல்ல முடியாது. நம் உடம்பின் மேலேயே எழுதப்பட்ட விசயம் அது.

முழுமைத் திட்டம் என்பது கடைசியில் ஒரு வண்ண வரைபடம். குடியிருப்புக்கு ஒரு நிறம், வணிகத்துக்கு ஒரு நிறம், தொழிற்சாலைக்கு ஒரு நிறம், திறந்தவெளிக்கும் பொழுதுபோக்குக்கும் ஒரு நிறம். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதை எடுத்து வைத்துக்கொண்டு கூவம் கரையில் நம் சனங்கள் இருக்கிற இடத்தைத் தேடிப் பாருங்கள். பக்கிங்காம் கால்வாய் ஓரத்தைத் தேடிப் பாருங்கள். மூன்று தலைமுறையாகப் பிள்ளை பெற்று, பிணம் எடுத்து, ஓட்டுப் போட்ட இடத்தில் ஆறு என்று போட்டிருக்கும், கால்வாய் என்று போட்டிருக்கும், திறந்தவெளி என்று போட்டிருக்கும். அங்கே ஆள் இருப்பதாக வரைபடத்துக்குத் தெரியாது. அப்புறம் ஒருநாள் ஜேசிபி வரும். அதிகாரி கையில் அதே வரைபடம் இருக்கும். "இது ஆக்கிரமிப்பு" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் காகிதத்தின்படி நாம் அங்கே இல்லவே இல்லை.

புறம்போக்கு என்ற சொல்லைக் கவனியுங்கள். வருவாய்த்துறைச் சொல். வரி விதிப்புக்குப் புறம்பான நிலம், அவ்வளவுதான் அர்த்தம். அந்த நிலத்தில் குடியிருந்தவனைத் திட்டுகிற சொல்லாக அது எப்போது மாறியது? நிலத்துக்கு வைத்த பெயரை மனுசனுக்கு வைக்கிற பழக்கம் இந்த நாட்டில் புதுசு இல்லை. அதிலும் இரண்டு தினுசு வைத்திருக்கிறார்கள்: ஆட்சேபணையுள்ள புறம்போக்கு, ஆட்சேபணையற்ற புறம்போக்கு. ஆட்சேபிப்பது யார், எப்போதிலிருந்து ஆட்சேபிக்கிறார் என்று மட்டும் கேட்கக் கூடாது.

உண்மையில் நகரத்துக்குள் நாம் நுழையவில்லை. பாதி இடங்களில் நகரம்தான் நம்மைத் தேடி வந்தது. மயிலாப்பூர், எழும்பூர், நுங்கம்பாக்கம், புரசைவாக்கம் என்று கிராமம் கிராமமாக விழுங்கித்தான் மதராஸ் வளர்ந்தது. ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு சேரி இருந்தது. பழைய ஆங்கிலேயர் வரைபடங்களில் பறச்சேரி என்றே எழுதியிருக்கும். கிராமம் நகரமானபோது ஊர்த்தெரு வீதியாயிற்று, அவென்யூவாயிற்று. சேரி மட்டும் "ஸ்லம்" ஆயிற்று. இடம் அதேதான், ஆட்களும் அதேதான். பெயரை மாற்றினால் சாதி மறைந்துவிடும், வறுமை மட்டும் தெரியும். வறுமை என்றால் பரிதாபப்படலாம். சாதி என்றால் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

செங்கல்பட்டுச் சீமையில் மிராசுதார்கள் சேரி நத்தமே தங்கள் சொத்து என்று உரிமை கொண்டாடினார்கள். குடிசை போட்டிருந்த மண்ணும் நமக்கில்லை. கூலியை உயர்த்திக் கேட்டால், வேறு வேலைக்குப் போனால், குடிசையைப் பிடுங்குவேன் என்று மிரட்டலாம். 1891இல் கலெக்டர் திரெமென்ஹீர் எழுதிய அறிக்கையில் இந்த நிலைமை பதிவாகியிருக்கிறது. அதையொட்டித்தான் 1892இல் பஞ்சமி நிலத்துக்கான அரசாணை வந்தது. அந்தக் காலத்து மிராசுதார் இப்போது இல்லை. ஆனால் "எந்த நேரமும் காலி பண்ணச் சொல்லலாம்" என்கிற அதே நிலைமையில் இன்றைக்கும் நகரத்தில் லட்சக்கணக்கான பேர் இருக்கிறார்கள். வீட்டு வேலைக்குப் போகிற அக்காக்களும், சாக்கடை அள்ளுகிற அண்ணன்களும், கட்டட வேலைக்குப் போகிறவர்களும் கூலியைக் குரல் உயர்த்திக் கேட்க முடியாமல் இருப்பதற்கு இதுவும் காரணம். நிற்க ஒரு நிலம் இருக்கிறவன்தான் பேரம் பேசுவான்.

இனி, "மக்கள் கருத்துக் கேட்பு" விசயத்துக்கு வருகிறேன்.

1971ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் என்ன சொல்கிறது? சி.எம்.டி.ஏ. திட்டத்தைத் தயாரிக்கும். அரசாங்கத்துக்கு அனுப்பி அதன் இசைவை வாங்கும். அதற்குப் பிறகுதான் அரசிதழிலும் பத்திரிகையிலும் அறிவிப்புப் போட்டு, குறைந்தது இரண்டு மாதம் அவகாசம் கொடுத்து, ஆட்சேபணையும் ஆலோசனையும் எழுத்து மூலமாகக் கேட்கும். வரிசையைப் பாருங்கள். எழுதி முடித்து, அரசு தலையாட்டின பிறகு மக்களிடம் வருகிறது. கல்யாண மண்டபம் பேசி, சமையலுக்குச் சொல்லி, பத்திரிகை அடித்த பிறகு பெண்ணிடம் சம்மதமா என்று கேட்பதைப் போல. மூன்றாவது திட்டத்துக்கு, வரைவுக்கு முன்னாலேயே பார்வை ஆவணம் என்று ஒன்று வைத்து 2022 முதல் கருத்துக் கேட்டார்கள். முன்னைக்கு இது பரவாயில்லை, அதை மறுக்கவில்லை. ஆனால் யாரிடம் கேட்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

முதல் திட்டம் வந்த 1976இல் சென்னை மாநகராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே கிடையாது. 1973இல் மன்றத்தைக் கலைத்தார்கள், அடுத்த தேர்தல் 1996இல். இருபத்து மூன்று வருசம் இந்தியாவின் மிகப் பழைய மாநகராட்சி தனி அலுவலர்கள் கையில் இருந்தது. மறுபடி 2016இலிருந்து 2022 வரைக்கும் தேர்தல் இல்லை. கவுன்சிலரே இல்லாத ஊரில் குடிமக்கள் பங்கேற்பு என்றால் எப்படி?

74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. மூன்று லட்சம் மக்கள்தொகைக்கு மேல் இருந்தால் வார்டு குழு அமைக்க வேண்டும். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பெருநகரத்துக்கு மாநகரத் திட்டக் குழு வேண்டும், அதில் மூன்றில் இரண்டு பங்கு பேர் நகராட்சி உறுப்பினர்களும் ஊராட்சித் தலைவர்களும் தங்களுக்குள் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும். வளர்ச்சித் திட்ட வரைவைத் தயாரிக்க வேண்டியது அந்தக் குழு. ஆனால் சென்னையின் எதிர்காலத்தை எழுதுகிற பேனா சி.எம்.டி.ஏ.விடம் இருக்கிறது. பகுதி சபை என்று ஒன்றை 2022 நவம்பர் 1இல்தான் தமிழ்நாட்டின் நகரங்களில் முதல்முறையாகக் கூட்டினார்கள். சட்டத் திருத்தம் வந்து இருபத்தொன்பது வருசம் கழித்து. அங்கேயும் தெருவிளக்கும் குழாயடியும்தான் பேசப்படுகின்றன. வேண்டாம் என்று சொல்லவில்லை, தெருவிளக்கு வேண்டும். ஆனால் அந்தத் தெரு இருக்குமா இருக்காதா என்பதைப் பேச அந்தச் சபைக்கு அதிகாரம் இல்லை.

உள்ளாட்சி என்பதற்கு நாம் கொடுத்த விலை கொஞ்சமில்லை. மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று முருகேசனும் உடனிருந்த தோழர்களும் வெட்டிக் கொல்லப்பட்டது ஊராட்சித் தலைவர் நாற்காலியில் ஒரு தலித் உட்காரக் கூடாது என்பதற்காக. நகரத்தில் கத்தி எடுப்பதில்லை. நகரத்தில் அதை நாகரிகமாகச் செய்கிறார்கள். எப்படி என்று சொல்கிறேன்.

கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். இந்த மூன்று பெயர்களும் உங்களுக்குத் தெரியும். கண்ணகி நகரில் பதினைந்தாயிரத்துக்கு மேல் வீடுகள். செம்மஞ்சேரியில் ஆறாயிரத்துக்கு மேல். பெரும்பாக்கத்தில் இருபதாயிரத்துக்கு மேல் கட்டத் திட்டமிட்டார்கள். சென்ட்ரலிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல். இவ்வளவு பேரை ஒரே இடத்தில் அடுக்கி வைத்தார்கள். வேலை போயிற்று, பள்ளிக்கூடம் பாதியில் நின்றது, "கண்ணகி நகர்" என்று சொன்னாலே வேலை கொடுக்க யோசிக்கிறார்கள். இதெல்லாம் பலரும் பேசியது. பேசப்படாத ஒன்றைச் சொல்கிறேன். 2000ஆம் ஆண்டு கண்ணகி நகரில் குடியேற்றியபோது அந்த இடம் மாநகராட்சி எல்லைக்குள் இல்லை. 2011இல் எல்லை விரிந்த பிறகுதான் உள்ளே வந்தது. பெரும்பாக்கத்துக்குக் கொண்டு போனபோது அது ஓர் ஊராட்சி. அதாவது, சென்னை மாநகராட்சியின் வாக்காளராக இருந்தவனை லாரியில் ஏற்றி, வாக்காளர் இல்லாதவனாக இறக்கி விட்டார்கள். நகரத்தின் திட்டத்தைப் பற்றிக் கருத்துச் சொல்ல வேண்டியவனை நகரத்திலிருந்தே எடுத்துவிட்டால் கருத்துக் கேட்பு சுமுகமாக நடக்கும்.

சத்தியவாணிமுத்து நகர் என்று சென்ட்ரலுக்குப் பக்கத்தில் கூவம் ஓரமாக ஒரு குடியிருப்பு இருந்தது. தாழ்த்தப்பட்டோருக்காக 1970களில் தனிக் கட்சியே தொடங்கிய தலைவியின் பெயர். 2019, 2020 ஆண்டுகளில் இடித்துப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் இளங்கோ தெருவில் வீடுகளை இடித்தபோது அறுபது வயது கடந்த ஒருவர் தீக்குளித்துச் செத்தார். அவர் கொடுத்தது ஆட்சேபணை இல்லையா? சட்டத்தில் உள்ளபடி எழுத்து மூலமாக இல்லை, அதனால் பதிவாகவில்லை.

வெள்ளத்தைக் காரணம் காட்டுகிறார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரம் இருப்பது ஆபத்து, உங்கள் நன்மைக்குத்தான் என்றார்கள். சரி, எங்கே கொண்டு போனார்கள்? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்துக்கு. அங்கே வருசா வருசம் தண்ணீர் நிற்கிறது. அதே சதுப்பு நிலத்தில்தான் பெருங்குடி குப்பை மேடு. அதே சதுப்பு நிலத்தைச் சுற்றித்தான் கண்ணாடிக் கட்டடங்கள். கண்ணாடிக் கட்டடத்தை யாரும் ஆபத்திலிருந்து காப்பாற்ற லாரி அனுப்பவில்லை.

விதி மீறல் பற்றியும் பேசிவிடுவோம், ஏனென்றால் நம்மைப் பார்த்துத்தான் அந்த வார்த்தை வீசப்படுகிறது. இதே நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 1998இல் 113-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். எதற்கு? அனுமதிக்குப் புறம்பாக மாடி மேல் மாடி கட்டியவர்களிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு அந்தக் கட்டடங்களை வரன்முறைப்படுத்த. 2012இல் 113-சி வந்தது, மறுபடியும் அதே வேலைக்கு. பணம் உள்ளவன் மீறினால் வரன்முறை, நாம் குடியிருந்தால் ஆக்கிரமிப்பு. இரண்டு வார்த்தையும் ஒரே அலுவலகத்தில்தான் புழங்குகின்றன.

நான் வங்கியில் எழுத்தராக இருக்கிறவன். கடன் மனு வந்தால் முதலில் கண் போவது முகவரிக்குத்தான். வாரியக் குடியிருப்பு என்று இருந்தால் பெரும்பாலும் ஒதுக்கீட்டு ஆணைதான் இருக்கும், கிரயப் பத்திரம் இருக்காது. "டாக்குமென்ட் இல்லையேம்மா" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஒரு தையல் மிசினுக்குக் கடன் கேட்டு வந்த அம்மா மூன்று முறை வந்து திரும்பிப் போனதைக் கவுண்டருக்குள்ளிருந்து பார்த்திருக்கிறேன். அவர் இருபது வருசமாக மாதத் தவணை கட்டிய ரசீதெல்லாம் ஒரு மஞ்சள் பையில் வைத்திருந்தார். நகர வரைபடத்தில் இடம் இல்லாதவருக்கு எங்கள் பேரேட்டிலும் இடம் இல்லை. முழுமைத் திட்டம் நம் அன்றாடத்துக்குள் இப்படித்தான் நுழைகிறது.

சரி, குடியிருப்போர் என்றால் யார்? செய்தித்தாளில் "ரெசிடென்ட்ஸ்" என்று போட்டால் அது அடையாறு நலச்சங்கமாக இருக்கும், அண்ணா நகர் நலச்சங்கமாக இருக்கும். அவர்கள் வரட்டும், பேசட்டும், அது அவர்கள் உரிமை. ஓய்வு பெற்ற பொறியாளர், ஓய்வு பெற்ற ஐ.ஏ.எஸ். எல்லாம் அதில் இருக்கிறார்கள். ஆங்கில ஆவணத்தைப் படித்து, பத்தி எண் போட்டு ஆட்சேபணை எழுதத் தெரியும். கூட்டம் வைக்கிற நாள் வேலை நாளாக இருக்கும், நேரம் பகல் பதினோரு மணி. அந்த நேரத்தில் நம் சனங்கள் அவர்கள் வீட்டில்தான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பார்கள். 2011 கணக்கெடுப்பின்படி சென்னை மாநகராட்சி மக்கள்தொகையில் ஏறத்தாழ 29 விழுக்காடு குடிசைப் பகுதிகளில் இருக்கிறார்கள். பத்துப் பேர் கருத்துச் சொன்னால் மூன்று பேர் அங்கிருந்து வந்திருக்க வேண்டும். எந்தக் கூட்டத்திலாவது வந்திருக்கிறார்களா?

கணக்கெடுப்புக்கு வருவோம். குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கியது. 2021இல் அதன் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். பெயரிலிருந்து குடிசை போய்விட்டது, நல்லது. 1971இல் சட்டப்படி 1,202 குடிசைப் பகுதிகளை அடையாளம் கண்டு அறிவித்தார்கள். 1985இல் இன்னொரு 17. அறிவிக்கப்பட்ட பகுதியில் இருப்பவரை உரிய அனுமதி இல்லாமல் வெளியேற்ற முடியாது என்று அந்தச் சட்டத்தில் ஒரு பாதுகாப்பு உண்டு. 1985க்குப் பிறகு பல பத்தாண்டுகள் சென்னையில் புதிதாக ஒன்றும் அறிவிக்கவில்லை. அறிவித்தால் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும். அதனால் அறிவிக்கவில்லை. வேறு காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இருந்த இடத்திலேயே செய்ய முடியாது என்பார்கள். செய்திருக்கிறார்கள். 1977இல் உலக வங்கிக் கடனில் தொடங்கிய மதராஸ் நகர வளர்ச்சித் திட்டத்தில், குடிசைப் பகுதிகளை அங்கேயே வைத்துத் தெரு, குடிநீர், கழிப்பறை வசதி செய்து மனைக்கு உரிமையும் கொடுத்தார்கள். அரும்பாக்கத்திலும் வில்லிவாக்கத்திலும் கொடுங்கையூரிலும் மனையும் அடிப்படை வசதியும் கொடுத்து ஏழைகளை வீடு கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். உலக வங்கியைப் புகழ நான் இங்கே வரவில்லை, அந்த வங்கியின் வேறு முகங்கள் நமக்குத் தெரியும். முடியாது என்பது பொய் என்று காட்டத்தான் சொன்னேன். நிலத்தின் விலை ஏறியது, அதன் பிறகுதான் "முடியாது" வந்தது.

இந்த இடத்தில் அம்பேத்கரைப் பற்றி ஒன்று பேச வேண்டும். நகரத் திட்டம் என்பது நம் இயக்கத்துக்கு வெளியிலிருந்து வந்த சரக்கு இல்லை. 1942இல் நாக்பூரில் கூடிய அகில இந்திய தாழ்த்தப்பட்டோர் கூட்டமைப்பு மாநாடு தனிக் குடியேற்றங்கள் கேட்டுத் தீர்மானம் போட்டது. 1947இல் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' நூலில் அதற்கென்று ஒரு குடியேற்ற ஆணையத்தையே அரசியல் சட்டத்தில் வைக்கச் சொன்னார் பாபாசாகேப். சாதி இந்துக்களின் கிராமத்தை ஒட்டிக்கொண்டு, அவர்களை அண்டிப் பிழைக்கிற நிலைமை போக வேண்டும், அதற்கு நமக்கு நிலத்தோடு கூடிய குடியேற்றம் வேண்டும் என்பது கோரிக்கை. இது ஒரு நீண்டகால வளர்ச்சித் திட்டம் இல்லையா?

இப்போது சில அறிவாளிகள், "உங்க தலைவரே தனிக் குடியேற்றம் கேட்டவர்தானே, பெரும்பாக்கம் அதுதானே" என்று கேட்கக்கூடும். அவர் கேட்டது நிலத்தோடு. இவர்கள் கொடுப்பது நிலத்தைப் பிடுங்கிக்கொண்டு. அவர் கேட்டது நாமே முடிவெடுத்துப் போவது. இவர்கள் செய்வது பரீட்சை நேரத்தில் பிள்ளைகளையும் சேர்த்து லாரியில் ஏற்றுவது. சேரியிலிருந்து விடுதலை கேட்டோம். இருபது கிலோமீட்டர் தள்ளி, எட்டு மாடி உயரத்தில், இன்னொரு சேரி கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

பங்கேற்பு என்ற சொல்லைக் கண்டாலே நம்மில் சிலருக்கு எரிச்சல். என்.ஜி.ஓ. வார்த்தை, சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் கொடுத்து மரம் வரையச் சொல்வார்கள் என்று. எனக்கும் அந்த எரிச்சல் உண்டு. கேரளத்தில் 1996இல் மக்கள் திட்டம் தொடங்கி, திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தார்கள். பெரிய காரியம்தான். ஆனால் நிலம் கேட்ட ஆதிவாசிகள் 2003இல் முத்தங்காவில் துப்பாக்கியைச் சந்தித்தார்கள். நிலம் கேட்ட தலித்துகள் 2007இல் செங்கறையில் ரப்பர் தோட்டத்துக்குள் குடிசை போட்டார்கள். கிராம சபையில் பாலத்துக்கும் கிணற்றுக்கும் இடம் இருந்தது, நிலத்துக்கு இடம் இல்லை. பிரேசில் நாட்டில் போர்த்தோ அலெக்ரி நகரத்தில் 1989இல் தொடங்கிய பங்கேற்பு வரவுசெலவுத் திட்டத்திலிருந்து ஒன்றை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம். எல்லாப் பகுதிக்கும் சமமான எடை போடவில்லை. குடிநீரும் சாக்கடையும் எங்கே குறைவோ அந்தப் பகுதிக்குக் கூடுதல் மதிப்பெண். கூட்டத்தில் அழகாகப் பேசினவனுக்குப் பணம் போகாது, இல்லாதவனுக்குப் போகும். நமக்கு இடஒதுக்கீட்டின் நியாயம் தெரியும் என்பதால் இது உடனே புரியும்.

ஆகவே அழைப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். நமது வரைபடத்தை நாமே முதலில் போடுவோம். என் பேச்சின் சாரம் இவ்வளவுதான், மீதியெல்லாம் விளக்கம்.

எப்படிப் போடுவது? பெண்களிடமிருந்து தொடங்குங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எந்தக் குழாயில் தண்ணீர் வரும், எந்த முனையில் விளக்கில்லாமல் பொம்பளைப் பிள்ளைகள் நடக்க பயப்படுகிறார்கள், மழை பெய்தால் தண்ணீர் எந்த வீட்டுப் படிவரைக்கும் ஏறும், எல்லாம் அவர்களுக்குத் தெரியும். எந்தச் செயற்கைக்கோளுக்கும் தெரியாது. பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் எந்த வருசத்திலிருந்து இருக்கிறோம் என்பதற்கான தடயம்: ரேசன் கார்டு, கரண்டு பில், வாக்காளர் பட்டியல், பள்ளிக்கூட டி.சி. அதற்குப் பிறகு சர்வே எண். தாலுகா ஆபீசில் கேளுங்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பால்வாடி, கழிப்பறை, சுடுகாடு, சுடுகாட்டுக்குப் போகிற வழி, வேலைக்குப் போகிற இடம், பஸ் செலவு. சுடுகாட்டு வழியை விட்டுவிடாதீர்கள், நம் ஊர்களில் பாதிக் கலவரம் அதில்தான் வருகிறது. மாணவர்கள் எழுதட்டும், தெருவில் இருக்கிறவர்கள் சொல்லட்டும். எழுதியதைத் தமிழில் திரும்பப் படித்துக் காட்டி, "நான் சொன்னது இது இல்லப்பா" என்று சொன்னால் அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். அதை எடுத்துக்கொண்டு பகுதி சபைக்குப் போக வேண்டும், தீர்மானம் போடச் சொல்ல வேண்டும். வரைவுத் திட்டம் வெளியானால் சட்டம் சொல்கிற அந்த இரண்டு மாதத்துக்குள் வீட்டுக்கு ஒரு ஆட்சேபணை, எழுத்து மூலமாக, ஒப்புகைச் சீட்டோடு.

நகரத்துக்கு வெளியே இருக்கிற தோழர்களுக்கு ஒரு தனி வேலை இருக்கிறது. 2022 அக்டோபரில் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்து அரசாணை வந்தது. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பகுதிக் கிராமங்கள் அதற்குள் வந்துவிட்டன. பஞ்சமி நிலத்துக்காக 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் குண்டுக்குப் பலியான காரணை இதே செங்கல்பட்டுப் பக்கம்தான். இன்றில்லாவிட்டால் நாளை அந்தக் கிராமங்களுக்கும் நிலப்பயன்பாட்டு வரைபடம் வரும். விவசாய நிலம் என்று இருப்பது குடியிருப்பு என்று மாறும், மனைப்பிரிவு ஆகும், விலை பத்து மடங்கு ஏறும். பஞ்சமி நிலத்தைத் தலித் அல்லாதவர் வாங்கினால் செல்லாது என்பது நிபந்தனை. நிலத்தின் நிறம் மாறுவதற்கு முன்னால் அந்த நிலம் எது என்று வரைபடத்தில் குறித்துக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். பழைய 'ஏ' பதிவேட்டை எடுத்து ஊர் ஊராகப் பட்டியல் போடுங்கள். மனைக்கல் நட்ட பிறகு போய்க் கேட்டால் கல் நட்டவனும் அரசாங்கமும் சேர்ந்துகொண்டு நம்மை அத்துமீறி நுழைந்தவன் என்பார்கள்.

பேசி முடித்ததும் ஒரு மாணவி எழுந்து கேட்டதையும் இங்கே சேர்த்து எழுதுகிறேன். "மேப்புல நாமளே சேரின்னு எழுதிக் குடுத்தா, அவங்க குத்துன முத்திரையையே நாம திரும்பக் குத்திக்கிற மாதிரி ஆகாதாண்ணா?" அன்றைக்குச் சொன்ன பதில்தான் இப்போதும். இரண்டு வரைபடம் போடுவோம். நம் கையில் வைத்துக்கொள்கிற வரைபடத்தில் சேரி என்றே இருக்கட்டும், எத்தனை வருசம், எத்தனை தலைமுறை, எத்தனை முறை இடித்தார்கள் என்பது வரைக்கும் இருக்கட்டும். குப்பை மேடும் சாம்பல் குளமும் யார் வீட்டுப் பக்கத்தில் வைக்கப்பட்டன என்று கணக்குக் கேட்க அது வேண்டும். அரசாங்கத்திடம் கொடுக்கிற வரைபடத்தில் சர்வே எண்ணும் வீட்டு எண்ணும் போட்டு, முதன்மைக் குடியிருப்பு என்று எழுதுவோம். பெசன்ட் நகருக்கும் போயஸ் தோட்டத்துக்கும் என்ன எழுதுகிறார்களோ அதையே. அந்தப் பெண் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, "அப்ப நம்ம பேரை மறைக்கிறதுதானே" என்றார். இந்த விவாதம் தொடரட்டும், இதழுக்கு எழுதுங்கள்.

வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன்னால், ஒரு தெருவில் தொடங்குவதாகப் பேசியிருக்கிறோம். தாளும் பென்சிலும் இருக்கிறது. முப்பது மீட்டர் அளவு நாடா ஒன்று வேண்டும். கொத்தனார் வேலை பார்க்கிற தோழர்கள் யாரிடமாவது இருந்தால் கொண்டு வாருங்கள்.